மாவுக்கட்டு போட்டிருந்த வைகாசி

போன வைகாசியில் குழாயடிப் பாசியில் வழுக்கி விழுந்ததில் என் வலது மணிக்கட்டு உடைந்தது. மலையிறங்கிப் போய்க் கண்ணமங்கலம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் முழங்கை வரை மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வந்தோம். ஐந்து வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார் டாக்டர். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு வலியைவிட அடுப்பைப் பற்றிய கவலைதான் பெரிதாக இருந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். காலையில் வீட்டுக்கு, பகலில் பிள்ளைகளுக்கு, சாயந்திரம் மறுபடியும் வீட்டுக்கு. கோடை விடுமுறையில் பள்ளிக்கூடத்து அடுப்புக்கு மட்டும்தான் ஓய்வு. மகள் வேலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நானும் வீட்டுக்காரரும்தான். அவர் பால் காய்ச்சினால்கூடப் பொங்கவிட்டுவிடுவார். நல்லவேளை, நிலத்தை உழுது போட்டுவிட்டு மழைக்குக் காத்திருந்த சமயம். அவருக்கு வெளியில் வேலையில்லை.

முதல் நாள் கொள்ளுக் கடையல் செய்ய அடுப்படிக்குப் போனார். நான் வாசற்படியில் உட்கார்ந்து ஆரம்பித்தேன்.

“கொள்ளை வறுத்துட்டுப் போடுங்க. தீயைக் கொறைங்க. ஐய, இன்னா இவ்ளோ உப்பு!”

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். “நீ சமைக்கிறியா, நான் சமைக்கிறனா? போய் வெளியில குந்து.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. எழுந்துபோய் வெளிக்கட்டிலில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் அவர் போனை எடுத்துக்கொண்டு பலாமரத்தடிக்குப் போனார். எங்கள் வீட்டைச் சுற்றி அங்கேதான் சிக்னல் கிடைக்கும். மகளிடம் பேசுவது எனக்குக் கேட்டது.

“கொள்ளு வெந்துச்சான்னு எப்டிம்மா பாக்கறது? நசுக்கிப் பாக்கணுமா? இரு, பாத்துட்டு வர்றேன்.”

உள்ளே ஓடினார். திரும்பி மரத்தடிக்கு ஓடினார். “நசுங்குதும்மா. அப்புறம்?”

இப்படி நாலு தடவை. மூன்றாவது தடவையே நான் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். சிரித்ததில் கை வலித்தது.

பிறகு தட்டில் சாமைச் சோறும் கடையலும் போட்டு, ஒரு ஸ்பூனும் வைத்து என் முன்னால் நீட்டினார். சோற்றிலிருந்து ஆவி பறந்தது. இடது கையால் ஒரு வாய் எடுத்துப் போட்டேன். பூண்டு கொஞ்சம் தீய்ந்திருந்தது. உப்பு நான் சொன்னது போலவே கூடுதல். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“இன்னா, காரமா?”

“இல்லீங்க. சூடா இருக்குது.”

அவருக்குப் புரியவில்லை. பள்ளிக்கூடத்திலும் சரி, வீட்டிலும் சரி, எல்லாருக்கும் போட்டுவிட்டு மிச்சம் ஆறிக் கிடப்பதைத்தான் நான் சாப்பிடுவேன். யாரும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை. அதுவே பழக்கமாகிவிட்டது. ஆவி பறக்கிற சோற்றை ஒருவர் என் கையில் கொடுத்து நான் சாப்பிட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். பிள்ளை பெற்றுக்கொண்டு அம்மா வீட்டில் இருந்தபோதுதான்.

முதல் வாரம் சும்மா உட்கார்ந்திருப்பது ஏதோ குற்றம் செய்வது போலிருந்தது. அப்புறம் அதுவும் போயிற்று. மத்தியானம் மூன்று மணிக்குமேல் சரிவிலிருந்து ஒரு காற்று ஏறி வந்து பின்வாசல் வழியாக நுழையும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழத்தை அறுத்து, கொட்டை நீக்கிச் சுளை சுளையாகக் கொடுப்பார். பிசின் ஒட்டாத கையோடு பலாப்பழம் தின்றது என் வாழ்க்கையில் அந்த வருஷம்தான். தலையும் அவர்தான் பின்னிவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துவிட்டு, “இன்னாக்கா, ஜடை ஒரு பக்கமா போவுது?” என்றாள்.

“போனா போவட்டும்மா” என்றேன்.

நான்காவது வாரம் ஒரு சாயங்காலம் நல்ல மழை பெய்தது. மறுநாளே சாமை விதைக்கப் போய்விட்டார். போகும்முன் எனக்குச் சோறு வடித்து வைத்துவிட்டுத்தான் போனார்.

கட்டைப் பிரித்துவிட்டு வந்த அன்று அடுப்படியில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். “இனிமே நீயே பாத்துக்குவ இல்ல?” என்றார். குரலில் லேசாக ஏமாற்றம் தெரிந்தது போலிருந்தது.

“காலையில நான் பாத்துக்கறேன். சாயந்திரம் நீங்க செய்ங்க” என்றேன்.

இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. சில நாள் குழம்பு தண்ணீராக இருக்கும். நான் ஒன்றும் சொல்வதில்லை, சாப்பிட்டுவிடுவேன்.