கிணற்றடிவரை தெரிந்த தோட்டம்

அந்தக் கலண்டரில் இருந்த தோட்டங்களில் ஒன்றையாவது நான் நேரில் கண்டதில்லை. இனிக் காண்பேன் என்றும் நினைக்கவில்லை. ஆனால் இன்றைக்கும் யாராவது கேட்டால் மாதம் மாதமாகச் சொல்லுவேன். ஜனவரிக்குப் பிரான்சு தேசத்து அரசர் ஒருவரின் தோட்டம். மரங்களைக் கத்தரித்துக் கூம்பாகவும் பெட்டியாகவும் நிறுத்தியிருந்தார்கள். ஏப்ரலுக்கு ஒல்லாந்துப் பூக்கள், நாற்றுமேடை மாதிரி வரிசை வரிசையாக. ஜூனுக்கு மொகலாய அரசர்கள் கட்டிய தோட்டம். நடுவே நேராக ஒரு வாய்க்கால், அதில் வானம் தெரியும். ஒக்டோபருக்கு ஜப்பான். அங்கே பூ ஒன்றும் இல்லை. வெள்ளை மணலும் நாலைந்து கற்களும்தான். மணலில் சீப்பால் வாரிவிட்டது போலக் கோடுகள்.

நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை செய்த ஓவசியர் வருடம் முடிந்ததும் அதைச் சுவரிலிருந்து கழற்றி என்னிடம் தந்தார். நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவன். படங்களுக்குக் கீழே இருந்த ஆங்கிலத்தை அவர்தான் வாசித்து, எது எந்தத் தேசம் என்று சொன்னார்.

அப்போது நான் தர்மபுரத்துக்கு அப்பால் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வயலுக்கு ஒரு துண்டு, வீட்டுக்கு மேட்டு நிலத்தில் ஒரு துண்டு. மண்சுவர் வீடு, பக்கத்தில் கிணறு, முன்னால் வாய்க்கால் வீதி. வயலுக்குப் போகிறவர்கள், விறகு வண்டிகள், எருமைகள் எல்லாம் அந்த வீதியால்தான் போகும். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். மனைவி யாழ்ப்பாணத்தில் தாய் வீட்டில் இருந்தாள். கலியாணம் முடிந்த வருடம் இங்கே வந்தவள்தான். அப்போது வீடும் இல்லை, கொட்டில்தான். வந்த மாதமே மலேரியாக் காய்ச்சல் பிடித்தது. யானை வந்து வாழையை முறித்த இரவு விடியுமட்டும் அழுதாள். தமையன் வந்து கூட்டிக்கொண்டு போனார். எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை, அவளை இழுத்துப் பிடிக்க.

வெள்ளாமை வெட்டி முடிந்ததும் நான் அங்கே போவேன். அவள் சாப்பாடு போட்டுவிட்டுக் கேட்பாள்.

"காடு என்னமாதிரி இருக்கு?"

"இருக்கு."

அவ்வளவுதான் எனக்கு வாயில் வரும். வா என்று ஒரு சொல் சொல்ல வேண்டும் என்று பரந்தனிலிருந்து ரயில் ஏறும்போதே நினைத்துக்கொண்டு போவேன். திரும்பி வரும்போதும் அந்தச் சொல் என்னோடேயே வரும்.

கலண்டர் கிடைத்த பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. வாயால் சொல்ல முடியாததைக் கையால் செய்யலாமே. காடு என்று அவள் சொல்கிற இடத்தில் இப்படி ஒன்றை அமைத்துக் காட்டினால், வந்து பார்த்துவிட்டு நின்றுவிடுவாள் அல்லவா?

பிரான்சு தேசத்து மரங்களுக்கு மருதோன்றியை நட்டேன். நன்றாகத் தழைக்கும், வெட்டினால் சொன்னபடி நிற்கும். ஒல்லாந்துப் பூவுக்குப் பட்டிப்பூ, ஒரு வரிசை வெள்ளை, ஒரு வரிசை ஊதா. மொகலாயத் தோட்டத்துக்குத்தான் மிகவும் பாடுபட்டேன். கிணற்றடித் தண்ணீர் பின்பக்கம் வாழைக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை மறித்து, செங்கல் பதித்து, வாசல்வரை நேர்கோடாக ஒரு வாய்க்கால் கொண்டுவந்தேன். வாளியால் அள்ளி ஊற்றினால் தண்ணீர் வெயிலில் மினுங்கிக்கொண்டு வரும்.

படங்களில் எதிலும் வேலி இல்லை. எங்கே நின்று பார்த்தாலும் கடைசிவரை தெரிந்தது. என் வளவின் முகப்பில் முள்ளுக் கொப்புகளை அடுக்கிக் கட்டிய அலம்பல் வேலி அசிங்கமாக நின்றது. அதையும் படலைக் கதவையும் பிடுங்கி அடுப்புக்கு வைத்தேன். மாடு வராமல் வீதியோரம் பள்ளமாக ஒரு கான் வெட்டி, ஆள் கடக்க அதற்கு மேல் பலகை போட்டேன். கிணற்றைச் சுற்றிக் கட்டியிருந்த தென்னோலைக் கிடுகு மறைப்பையும் கழற்றினேன். வாய்க்கால் தொடங்குகிற இடம் வீதியிலிருந்து தெரிய வேண்டுமே.

அடுத்த காணிக்காரர் என்னைவிட மூத்தவர். நான் அவரை அண்ணை என்பேன். அவர் மாலையில் வந்து பலகையில் நின்று பார்ப்பார்.

"தம்பி, உந்தத் தண்ணியைக் கத்தரிக்கு விட்டிருந்தா இப்ப காய் புடுங்கலாம்."

"ஓம் அண்ணை."

"மாடு தின்னாது, மனுசன் தின்னான். ஆர் வந்து பாக்கப் போகினம்? மகாராணியே?"

நான் சிரித்துவிட்டு மருதோன்றியை வெட்டிக்கொண்டு நிற்பேன்.

வெள்ளை மணல் கொண்டுவந்து தந்தவர் முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் புடவை விற்க வருகிற முஸ்லிம் வியாபாரி. எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். கருவாடு ஏற்றி வருகிற அவருடைய மச்சானின் லொறியில் கடற்கரை மணலைச் சாக்குகளில் போட்டு அனுப்பினார். நான் அதை முற்றத்தில் பரப்பும்போது சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றார்.

"என்ன தம்பி, அரசாங்கக் கச்சேரி ஏதும் கட்டுறியளோ?"

"சும்மா நானா."

"சும்மா ஆரும் கடல் மண்ணை இவ்வளவு தூரம் ஏத்துவினமோ? பொஞ்சாதி வரப்போறாவாக்கும்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

அந்த வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு அவள் தாயோடும் தமையனோடும் வந்தாள். காய்ச்சல் மாறினால் வருவதாக அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தார்களாம். கோவிலில் சனத்துக்குள் நின்று, "இங்காலையும் வந்திட்டுப் போமன்" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு நாளும் வராத சொல் எப்படி வந்ததோ தெரியாது. தாயும் தமையனும் ஊருக்குத் திரும்பினார்கள். அவள் ஒரு சீலைப் பையோடு என்னுடன் பஸ் ஏறினாள்.

பலகையைக் கடந்ததும் நின்றுவிட்டாள். பட்டிப்பூவைப் பார்த்தாள், வாய்க்காலைப் பார்த்தாள். நான் ஓடிப்போய்க் கிணற்றில் அள்ளி ஊற்றினேன். தண்ணீர் அவள் காலடிவரை வந்தது.

"வடிவாத்தான் இருக்கு," என்றாள்.

கலண்டரைக் காட்டினேன். ஒவ்வொரு தாளாகத் திருப்பி, எதைப் பார்த்து எதைச் செய்தேன் என்று சொன்னேன். அன்று நான் கதைத்த அளவுக்கு அவளோடு ஒருநாளும் கதைத்ததில்லை. அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"உதுகளிலை ஒரு பொம்பிளையையும் காணேல்லை."

"தோட்டத்தைத்தானே படம் எடுத்திருக்கினம்."

"ஓம், ஓம்," என்று சொல்லிக் குசினிக்குள் அடுப்பு மூட்டப் போனாள்.

மறுநாள் விடிய எழும்பிப் பார்த்தேன். முற்றம் கூட்டியிருந்தது. வெள்ளை மணலில் விளக்குமாற்றுக் கோடுகள், ஒன்றையொன்று தொடாமல், வாசலிலிருந்து கிணற்றடிவரை. ஒக்டோபர் மாதத்துப் படமேதான். நான் மணலைப் பரப்பினேனே தவிர அந்தக் கோடுகள் எனக்கு வரவில்லை, அவளுக்கு வந்திருந்தன. அவள் தலை ஈரமாக, குசினி வாசலில் இருந்தாள். நின்றுவிட்டாள், இனிப் போகமாட்டாள் என்று நினைத்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். நான் எழும்புமுன் கூட்டி, குளித்து முடித்திருப்பாள். பகலில் வெளியே வரமாட்டாள். யன்னலுக்கு ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். வெயிலுக்காக என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை வந்தது, தலை முழுகுகிற நாள். எண்ணெய் வைத்துச் சீயக்காய் தேய்த்து முழுக வெயில் வேண்டும், இருட்டில் முடியாது. வீதியில் ஆள் நடமாட்டம் குறைந்த நேரம் பார்த்துக் கிணற்றடிக்குப் போயிருக்கிறாள். நான் பின்னால் வாழைக்குள் நின்றேன். சைக்கிள் மணி கேட்டது. பிறகு அவள் ஓடுகிற சத்தம், வாளி கிணற்றுக்குள் விழுகிற சத்தம்.

நான் வந்து பார்த்தபோது நானா முற்றத்து மணலின் நடுவில், சைக்கிளைத் திருப்பிப் பிடித்தபடி, வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தை என் பக்கம் திருப்பவே இல்லை.

"அல்லா அறிய நான் காணேல்லைத் தம்பி. படலை இருந்தா படலையடியிலை நிண்டு கூப்பிட்டிருப்பன். படலை இல்லாத வளவுக்கு எங்கை நிண்டு கூப்பிடுறது?"

பிழை அவரில் இல்லை. படலைக்கு முன்னால் நின்று குரல் கொடுத்துவிட்டு, உள்ளே இருந்து பதில் வரும்வரை காத்து நிற்கிற மனிதர் அவர். நான்தான் அவர் நிற்பதற்கு ஓர் இடம் வைக்கவில்லை.

அவள் உள்ளே மூலையில் ஈரச் சேலையோடு குந்தியிருந்தாள். தலையில் சீயக்காய் அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. அழவில்லை.

"இஞ்சருங்கோ, ஒண்டு கேக்கிறன். அந்த ராசாமாற்றை பெண்டுகள் எல்லாம் எங்கை குளிக்கிறவையாம்?"

நான் காய்ந்த சேலை ஒன்றை எடுத்து நீட்டினேன்.

"அங்கை எங்கடை வீட்டிலை வேலிக்குள்ளை நான் எங்கையும் திரிவன். முருங்கையிலை காய் ஆய்வன், கிணத்தடியிலை பாட்டுப் பாடுவன். இஞ்சை இருட்டிலைதான் முத்தத்தைப் பாக்கிறன். நீங்கள் செய்த பூவிலை எது வெள்ளை, எது ஊதா எண்டு எனக்கு இன்னும் சரியாத் தெரியாது."

அந்தக் கோடுகளை அவள் இருட்டில் கீறியது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்தக் கிழமையே அவளைக் கொண்டுபோய் ரயில் ஏற்றினேன். போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு முகம் இருக்கவில்லை. வருவேன் என்று அவளும் சொல்லவில்லை. பெட்டி நகரும்போது, "வாளியைக் கிணத்துக்காலை எடுத்துப்போடுங்கோ" என்றாள்.

திரும்பி வந்தபோது அவள் கடைசியாகக் கூட்டிய முற்றம் அப்படியே கிடந்தது. நான் அதில் கால் வைக்கவில்லை. ஓரத்தால் நடந்து போய் ஓரத்தால் வந்தேன். அண்ணை வந்தபோது அவரையும் ஓரத்தால் வரச் சொன்னேன். அவர் ஏதோ பகிடி சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டார். ஆனால் அது சோளகக் காற்றின் காலம். ஒவ்வொரு காலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கோடுகள் மங்கின. கிணற்றடிப் பக்கம் நாலைந்து கோடு கடைசிவரை தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

அந்தக் கோடை முழுவதும் நான் வேலியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். முதலில் கிணற்றடி மறைப்பைத் திரும்பக் கட்டினேன். கானை மூடினேன். மழை தொடங்குகிற நேரம் அவளுக்கு ஒரு தபால் அட்டை எழுதினேன். வா என்று எழுதத்தான் அட்டை வாங்கினேன். எழுதியது இதுதான்: "மழை விழுந்ததும் உங்கள் வேலியில் கொஞ்சக் கிளுவைக் கதியால் வெட்டி அனுப்பவும்."

கிளுவைக்கு, நட்டால் துளிர்த்து வேலியாகிற அந்தக் கொப்புக்கு, இங்கே பஞ்சமில்லை. காட்டில் எங்கும் நிற்கிறது. அது அவளுக்கும் தெரியும்.

பதில் வரவில்லை. ஐப்பசியில் ஒருநாள் பஸ் வந்து நின்று, நடத்துனர் கூரையில் ஏறி ஒரு கட்டை இறக்கினார். ஈரச் சாக்குச் சுற்றிய கதியால்கள், எல்லாம் ஒரே அளவு, அடி சரிவாகச் சீவியது. நான் பஸ்ஸின் படியைப் பார்த்தேன். ஒரு கிழவர் இறங்கினார். ஒரு சாக்கு அரிசி இறங்கியது. பஸ் போய்விட்டது.

மூடிய கானின் புதுமண்ணில் அவற்றை நெருக்கமாக நட்டேன். வீதிப் பக்கம் முழுவதும் நட்டேன், ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை. படலைக்கு இடம் விடவில்லை. எங்கே படலை வைத்தால் கிணற்றடி தெரியாது என்று எனக்குத் தெரியும் போலத்தான் இருந்தது. ஆனால் முன்பும் எனக்கு எல்லாம் தெரியும் என்றுதானே செய்தேன். அதனால் அடைத்துவிட்டேன். நான் பின்னால் வயல் வரம்பால் போய் வந்தேன்.

"தம்பி, மறியல் வீடோ கட்டினனீ, உள்ளை அடைபட்டுக் கிடக்க?" என்று அண்ணை வேலிக்கு அப்பால் நின்று சத்தம் போட்டார்.

மார்கழியில் கதியால்களின் கணுவில் பச்சை தெரிந்தது. தை பிறந்தபோது இலை விட்டிருந்தது. ஒவ்வொரு பின்னேரமும் பஸ் சத்தம் கேட்கும்போது நான் மருதோன்றியடியில் வேலை இருப்பது போல நிற்பேன். நிற்காமல் போகிற சத்தமும் நின்று போகிற சத்தமும் எனக்கு வேறுவேறாகத் தெரியும். நின்று போனால், பிறகு நடந்து வருகிற சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பேன்.

வெள்ளாமை வெட்டு முடிந்த ஒரு நாள் அந்தச் சத்தம் கேட்டது. வேலியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போனது. திரும்பி வந்தது.

"இஞ்சருங்கோ! படலை எங்கை?"

நான் ஓடிப்போய்க் கதியால்களுக்கு இடையால் பார்த்தேன். மதகின் மேல் ஒரு றங்குப்பெட்டி இருந்தது.

"படலை... வைக்கேல்லை. நீர் வந்து சொல்லுவீர் எண்டு."



"நல்ல மனுசன். நான் பின்னை பறந்தே வாறது?" என்றாள். குரல் சிரிப்பது போல இருந்தது. வேலி ஓரமாக நடந்தாள். ஓரிடத்தில் குனிந்து பார்த்தாள், மறுபடி தள்ளிப் போனாள். கிணற்றடி தெரிகிறதா என்று பார்க்கிறாள் என்று விளங்கியது. கடைசியில், கிணற்றடியை மறைக்கிற மாமரத்துக்கு நேரே நின்று ஒரு கதியாலில் தட்டினாள்.

"இதிலை."

நான் நினைத்த இடம் அதுவல்ல.

இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி ஆட்டி இழுத்தேன். அவை வேர் விட்டிருந்தன. லேசில் வரவில்லை. வெளியே நின்று அவளும் தள்ளினாள். ஆள் நுழைகிற அளவுக்குப் பிடுங்கியதும் உள்ளே வந்தாள். பெட்டியை எடுக்க நான் வெளியே போனேன். திரும்பி வந்தபோது பிடுங்கிய கதியால்களை மண் உதிராமல் கையில் ஏந்திக்கொண்டு, பட்டிப்பூ வரிசையைப் பார்த்தபடி பகல் வெளிச்சத்தில் நின்றாள்.

"எறிஞ்சு போடாதேங்கோ," என்றாள். "கிணத்தடி மறைப்புக்கு வைப்பம். கிடுகு எத்தினை நாளைக்கு நிக்கும்?"