அலையில்லாத கடலும் ஒரு நோட்டும்

வாடகைக் கார் ஓட்டுகிறவன் வாயை அளந்து திறக்க வேண்டும். போனில் அள்ளிவிட்ட ஒரு வார்த்தைக்கு நாள் முழுக்க பதில் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள்.

மலை

கோயம்புத்தூரிலிருந்து அப்பா, அம்மா, நாலாம் வகுப்பு படிக்கும் மகள் யாழினி என்று மூன்று பேர் என் காரில் சவாரி வந்தார்கள். "எங்க மாவட்டத்துல மலையும் இருக்கு, கடலும் இருக்கு" என்று போனில் பெருமையடித்திருந்தேன். வகுப்பில் கடல் பார்க்காத ஒரே ஆள் யாழினிதானாம். திங்கட்கிழமை கடலைப் பற்றி எல்லோர் முன்னாலும் பேசியாக வேண்டும். 'அலை எவ்வளவு உயரம்?' என்பதில் தொடங்கி ஒரு நோட்டு நிறையக் கேள்விகள் வைத்திருந்தாள்.

நார்த்தாமலைப் பாறையில் ஏறியதும் கண்ணுக்கு மேல் கையை வைத்து நாலு பக்கமும் தேடினாள். கடலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் போக வேண்டும் என்றேன். அவள் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க சொன்னதுக்கு, மலை மேல நின்னா கீழ கடல் தெரியும்னு நெனச்சுட்டனுங்க."

நண்டு

கோட்டைப்பட்டினத்தில் இறங்கினால் உயிர் நண்டு என்று வழியெல்லாம் ஆசை காட்டினேன். அன்று வெள்ளிக்கிழமை. படகு ஒன்றுகூடக் கடலுக்குப் போகவில்லையாம். சாப்பாட்டுக் கடை அக்காவிடம் கருவாட்டுக் குழம்புதான் இருந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்த யாழினி, மீனை ஏன் காயவைக்கிறார்கள், எத்தனை நாள் காயும் என்று கேட்டுக்கொண்டே இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். அக்காவுக்கு அவள் மேல் கோபமில்லை, என் மேல்தான். "வெள்ளிக்கெழம தொழுக நாளு, இங்கிட்டு யாரும் கடலுக்குப் போகமாட்டாங்கன்னு தெரியாதா? நீங்க எந்த ஊருங்க?" கறம்பக்குடி என்று மெதுவாகச் சொன்னேன். "அதான பாத்தேன். வயக்காட்டு ஆளு."

கடல்

மணமேல்குடிப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். கடல் கண்மாய்த் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. யாழினி நோட்டைத் திறந்தாள், மூடினாள். உதடு துடித்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆழமில்லாத இந்தப் பக்கத்துக் கடலில் அலை வராது என்பது எனக்குத் தெரியும். சவாரி போய்விடுமே என்றுதான் சொல்லாமல் விட்டேன்.

வலையை உதறிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர், இந்த இடத்தில் வெகுதூரம் ஆழமில்லை, கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள் என்று அவள் அப்பாவிடம் சொல்லி, தானும் கூடவே இறங்கினார். மூவரும் நடந்தார்கள், நடந்துகொண்டே இருந்தார்கள். கரையில் நின்ற எனக்கும் அவள் அம்மாவுக்கும் அவர்கள் மூன்று புள்ளிகளாகத் தெரிந்தார்கள். அங்கேயும் தண்ணீர் அப்பாவின் முழங்காலைத் தாண்டவில்லையாம்.

திரும்பி வந்தவள் ஈரக் கையோடு நோட்டை வாங்கினாள். அலைக் கேள்வியை அடித்துவிட்டு, 'கடலுக்கு அடியில் புல் முளைத்திருக்கிறது, காலில் பட்டது' என்று எழுதினாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "எங்க கிளாஸ்ல எல்லாரும் கரையில நின்னு கடலப் பாத்தவங்க அங்கிள். நான் உள்ள போய் நின்னு கரையப் பாத்தேன்."

அன்றிலிருந்து மலையிலிருந்து கடல் தெரியாது, வெள்ளிக்கிழமை நண்டு கிடைக்காது, எங்கள் கடலில் அலை வராது என்று இல்லாததையெல்லாம் போனிலேயே சொல்லிவிடுகிறேன், அதைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள்தான் இப்போது அதிகம்.