யாசீன வண்டியில ஒக்காந்து ஓதுங்க

சகோதரிங்களே, நான் உயிரோட இருக்கும்போதே என் வீட்டுல எனக்கு யாசீன் ஓதிட்டாங்க. குர்ஆன்ல, சாகப்போறவங்க தலமாட்டுல ஓதுற அதே யாசீன் சூரா. கேட்டுக்கிட்டே படுத்திருந்தவ நான்.

அறுபத்தி நாலாம் வருசம், ஐப்பசி மழை. பிச்சாவரத்துக்குப் பக்கத்துல எங்க ஊரு. அதுக்கு முந்தின வருசம்தான் மார்புல புற்றுநோய்னு மெட்ராசுல எனக்கு ஒரு பக்கத்தையே எடுத்திருந்தாங்க. இப்ப வயித்துல வலி. வலது பக்கம் கை வைக்க முடியல. வாந்தி, காய்ச்சல். "யா அல்லாஹ், இந்த வலியப் போக்கு"ன்னு அழுதேன். வலி ஜாஸ்திதான் ஆச்சு. அவனும் கைவிட்டுட்டான்னு நெனச்சேன்.

"புத்து வயித்துக்கு எறங்கிடுச்சு. இனிமே கத்தி வச்சா இன்னும் பரவும். நிம்மதியா போவட்டும்"னு மாமியாரு சொன்னாங்க. பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க வந்து ஓத ஆரம்பிச்சாங்க. என் வீட்டுக்காரரு மூலையில நின்னு கண்ணத் தொடச்சுக்கிட்டிருந்தாரு. நாலு வயசு மக ஆமினாவக் கூப்புட்டு, "அம்மா மொகத்தப் பாத்துக்க"ன்னாங்க.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். என் வீட்டுக்காரரப் பாத்து, "மச்சான், நான் இன்னும் மௌத்தாவல, உசுரோடதான் இருக்கேன். வண்டியக் கட்டுங்க"ன்னேன். "ஓதுறப்ப பேசாதடி"ன்னு மாமியாரு பதறுனாங்க.

"நல்லா ஓதுங்க மாமி. வண்டியில ஒக்காந்து ஓதுங்க"ன்னேன்.

மச்சான் மாட்டப் புடிச்சு வண்டியில பூட்டுனாரு. சிதம்பரம் வரைக்கும் என் தலைய மடியில வச்சுக்கிட்டு மாமி ஓதிக்கிட்டேதான் வந்தாங்க. நான் அல்லாஹ்கிட்ட கேக்குற துஆவ மாத்திக் கேட்டேன். "வலி இருந்துட்டுப் போவட்டும், என்ன உசுரோட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேத்துடு."

ஆஸ்பத்திரியில அன்னைக்கே வயித்தத் தொறந்தாங்க. குடல்வால் சீழ் புடிச்சு வெடிக்கிற நெலமையில இருந்துச்சாம். எடுத்துட்டாங்க. அத மெட்ராசுக்கு அனுப்பிப் பாத்தா, மார்புல வந்த அதே புற்று அதுக்குள்ள ஒக்காந்து அடைச்சிருக்கு. "இப்படி நான் பாத்ததே இல்லம்மா. இது வீங்கி வலிக்கலேன்னா, நோய் பரவுனது இப்ப தெரிஞ்சே இருக்காது"ன்னாங்க டாக்டரம்மா.

மாமி புற்றுன்னு சொன்னது சரிதான். இனி ஒண்ணும் செய்ய முடியாதுன்னதுதான் தப்பு. எந்த வலியப் போக்கச் சொல்லி அழுதேனோ, அந்த வலியத்தான் அல்லாஹ் எனக்குப் பதில்னு அனுப்பியிருந்தான். அப்புறம் மெட்ராசுல இன்னொரு ஆபரேசன், மருந்து.

அதுக்கப்புறம் ரெண்டு நோம்பு மாசம் வந்து போயிடுச்சு. முழுசா கொணமாயிடுச்சான்னு கேக்குறீங்க. டாக்டருக்கே தெரியாது, எனக்கு எப்படித் தெரியும்? ஆமினா இப்ப மதரசாவுக்கு ஓதப் போறா. தெனமும் தல பின்னி விடுறது நான்தான். அல்ஹம்துலில்லாஹ்.

உங்க வீட்டுலயும் ஒருத்தி இப்படிப் படுத்திருந்தா, அல்லாஹ்கிட்ட நம்பிக் கேளுங்க. கேட்டுக்கிட்டே வண்டியக் கட்டுங்க.