சுவரில் பதித்த கேடயம்

புதன்கிழமை காலை சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடையில் மளிகைச் சாமான் வாங்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. நான் சுகாதார ஆய்வாளராக இருந்த காலத்தில் எங்களோடு வேலை பார்த்த கிராம சுகாதார செவிலியர் செல்விதான் பேசினார்.

"அண்ணே, அரசி டாக்டரம்மா போய்ச் சேந்துட்டாங்களாம். விடியக்காலைல நெஞ்சுவலியாம்ணே."

அங்கேயே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். செல்வி அழுதுகொண்டே கேட்டார்: "பிள்ளைகளுக்கு ஊசி போட ஆளுக வந்து உக்காந்திருக்காக. மூடிட்டு வரவாண்ணே?"

"தடுப்பூசி போடுற புதன்கிழமை அதுவுமா மூடினா அந்தம்மா எந்திரிச்சு வந்து திட்டுவாங்க தாயி. முடிச்சுட்டே வா."

டாக்டர் மங்கையர்க்கரசி அவர்களை அறியாதவர்களுக்கு இது கல்மனசுக்காரன் பேச்சாகத் தோன்றும். அறிந்தவர்களுக்குத் தெரியும், இதைவிடப் பெரிய மரியாதை அவருக்கு இல்லை.

அவர் மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவர். திருவாதவூருக்கு அப்பால் உள்ள எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருத்துவ அலுவலராக வந்த முதல் நாளே, "எந்த ஊருக்கு யாருமே போக மாட்டேங்கிறீங்க? அங்க முதல்ல போவோம்" என்றார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நாளைக்குப் போகலாமே என்றேன். அவர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கிராமம் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி என்று இரண்டாகக் கிடந்தது. காலனிக்காரர்கள் சொந்த நிலம் இல்லாமல் ஊராரின் வயலில் கூலிக்கு உழைத்தவர்கள், சாதியின் பேரால் தள்ளி வைக்கப்பட்டவர்கள். பிரசவ வலி எடுத்தால் கட்டிலோடு தூக்கிக்கொண்டு பஸ் ரோட்டுக்கு ஓடவேண்டிய நிலை. டாக்டரம்மா மேலே எழுதி, விடாமல் நடந்து, காலனிக்குள்ளேயே ஒரு துணை சுகாதார நிலையத்தைக் கட்ட வைத்தார்.

கட்டடம் எழும்பியதும் வம்பும் எழும்பியது. ஊர்க்காரர்கள் காலனித் தெருவுக்குள் கால் வைக்க மாட்டோம் என்றார்கள். தங்கள் பிள்ளைகளை இரண்டு பஸ் மாறி எங்கள் நிலையத்துக்குக் கொண்டுவந்து ஊசி போட்டுக்கொண்டார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் டாக்டரம்மாவிடமே வந்து பேசினார்.

"பொதுவா மெயின் ரோட்டுல வச்சு ஊசி போடுங்கம்மா. நாங்களும் வருவோம்ல?"

"ரோட்டுல வச்சு ஊசி போட நான் என்ன மாட்டு டாக்டராங்கய்யா?" என்றார் டாக்டரம்மா.

பெரியவர் சும்மா இருப்பாரா? செல்வாக்கு உள்ள இடங்களுக்கெல்லாம் போனார். நிலையத்தை ஊர்ப் பக்கம் மாற்றுவதற்குக் கோப்பு நகரத் தொடங்கியது. காலனிப் பெண்கள் கலங்கிப்போனார்கள். ஊருக்குள் போய்விட்டால் அவர்களைக் கடைசியில்தான் நிற்க வைப்பார்கள், அதுவும் வாசலுக்கு வெளியே.

அப்போதுதான் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அண்ணே, எனக்கு அந்த விருது வேணும்."

மருத்துவ வசதி எட்டாத மக்களிடையே பணியாற்றும் பொது சுகாதார அலுவலர்களுக்கு ஆண்டுதோறும் தரும் விருது அது. பொதுவாக, விருதுக்கு ஆசைப்படுகிறவர்கள் ஆசை இல்லாததுபோல் காட்டிக்கொள்வார்கள். இந்த அம்மா எதிரில் வந்தவரிடமெல்லாம், "இந்த வருஷம் எனக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். சக டாக்டர்கள் விருதுப் பைத்தியம் என்று கேலி செய்தார்கள். நானே ஒரு நாள், "பேரு வாங்கி என்னம்மா செய்யப் போறீங்க?" என்று கேட்டேன்.

"பேரு கிடக்கட்டும்ணே. விருது வாங்கின கட்டடத்தை இடம் மாத்த எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவாரு?"

அந்த மூளை எனக்கு வராது.

முதல் முறை கிடைக்கவில்லை. ஊரில் பாதிப் பேர் அந்த நிலையத்துக்கு வருவதே இல்லையே என்று தேர்வுக் குழு கைவிரித்துவிட்டது. அன்று அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். மறுநாளே ஊருக்குள் வீடு வீடாக ஏறத் தொடங்கினார். ஒரு வீட்டில் மோர் குடிப்பார், "இப்பத்தான் காலனில டீ குடிச்சிட்டு வாரேன், நல்லாத்தான் இருக்கேன்" என்று அங்கேயே சொல்லிவிட்டும் வருவார்.

கடைசியில் வழியைத் திறந்தது ஒரு மருமகள். கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறி அலுத்துப்போனவள், ஒரு புதன்கிழமை வாய்க்காலைத் தாண்டி நேரே காலனிக்கு வந்துவிட்டாள். பின்னாலேயே மாமியார் பேச்சியம்மாள் தெருவே அதிரும்படி கத்திக்கொண்டு வந்தார். டாக்டரம்மா பதறவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க ஆத்தா. பிரஷரைப் பாத்துக்கிறேன், அப்புறம் திட்டுங்க."

பார்த்தால் மயங்கி விழாததே அதிசயம் என்னும் அளவுக்கு ரத்த அழுத்தம். மாத்திரை கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு சீராகும் வரை அவர் கையை விடவில்லை. அடுத்த வாரம் பேச்சியம்மாள் தானாக வந்தார். அதற்கடுத்த வாரம் தன் தெருப் பெண்களையும் ஓட்டிக்கொண்டு வந்தார். அவர் வாய்க்கு எதிர்வாய் பேச அந்த ஊரில் ஆள் கிடையாது.

குழு மறுபடி பார்வையிட வந்த அன்று டாக்டரம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றார். "விருது வாங்கப் போறவ மாதிரி இருக்க வேணாமாண்ணே?" குழுவில் ஒருவர் பேச்சியம்மாளிடம், "நீங்க ஊர்ப் பக்கம் ஆச்சே, இங்கயா வாரீங்க?" என்று கேட்டார்.

"எங்க ஆஸ்பத்திரிக்கு நான் வராம வேற எவ வருவா?"

அந்த நிமிடமே விருது எங்களுடையது என்று தெரிந்துவிட்டது.

விருது விழாவுக்கு ஊரும் காலனியும் ஒரே வேனில் வந்து விசில் அடித்து மண்டபத்தை இரண்டாக்கினார்கள். மறுநாள் காலனிக் கொத்தனாரைக் கூப்பிட்டு, கேடயத்தை நிலையத்தின் முன்சுவரில் சிமென்ட் வைத்துப் பதிக்கச் சொன்னார் டாக்டரம்மா. "இதைப் பேக்கணும்னா சுவரையே பேக்கணும். அப்படிப் பூசுங்க." கோப்பு அதோடு படுத்தது, எழவே இல்லை.

செய்தி வந்த புதன்கிழமை நண்பகல் தல்லாகுளத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய தம்பி அலமாரியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அக்காவின் தலைமாட்டில் அந்த விருதை வைக்கவேண்டுமாம். அது சுவரில் இருக்கிறது என்றேன். ஒரு நாளைக்காவது பெயர்த்துக் கொண்டுவர முடியாதா என்று கெஞ்சினார். காலனி நிலையத்தில் இருந்த செல்விக்குப் போன் போட்டேன். போனைப் பிடுங்கிப் பேசியவர் பேச்சியம்மாள்.

"அதுல எவன் கை வச்சாலும் கைய ஒடிச்சுப்புடுவேன்! அம்புட்டு ஆசையா இருந்தா எங்க டாக்டரம்மாவை இங்க கூட்டியாங்க."

அந்தக் குரல் தம்பிக்கே கேட்டது; அலமாரியைச் சாத்தினார். பிறகு, "கூட்டிட்டுப் போவோம்ணே" என்றார்.

வண்டி காலனித் தெருவுக்குள் நுழைந்தபோது நிற்க இடமில்லை. அந்தத் தெருவில் கால் வைக்க மாட்டோம் என்ற ஊர் முழுக்க அங்கேதான் நின்றது. டாக்டரம்மாவோடு வாதாடிய அந்தப் பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வண்டிக்கு வழி விலக்கிக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் தம்பியின் கையைப் பிடித்துச் சுவரைக் காட்டினார். "பாத்துக்கங்க தம்பி. பத்திரமா இருக்கு."

நான் அழுதேன். சந்தோஷமாகவும்தான் அழுதேன்.

டாக்டரம்மா, நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது. சுவர் அசையாது. போய் வாருங்கள். வருகிற புதன்கிழமை ஊசி உண்டு.