நல்லா இருக்கீங்களா என்று கேட்காதீர்கள்

புதிதாக வந்த டிரைவர் போன வாரம் கேட்டுத் தொலைத்துவிட்டார். அழுக்குத் துணி மூட்டைகளை இறக்கிக்கொண்டே, "என்னண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்று ஒரு மரியாதைக்குக் கேட்டதுதான். அண்ணன் கையிலிருந்த படுக்கை விரிப்பை மேசையில் வைத்தார். கூரையைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார்.

"நல்லா இல்லப்பா. வலது முட்டி காலையிலேருந்து குத்துது. சாப்பாடு இறங்கல. பொண்ணு நேத்து சரியாப் பேசல, மனசு கெட்டுக் கிடக்கு. மத்தபடி மூச்சு சுலபமா வருது. நீ எப்படி இருக்கே? யோசிச்சுச் சொல்லு."

டிரைவர் மூட்டையும் கையுமாகத் திருதிருவென்று விழித்தார். இனி அவர் இந்தப் பக்கம் வந்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விடுவார். நாங்களெல்லாம் அப்படித்தான் தேறினோம்.

எங்கள் அறையில் இவருக்கு 'வானிலை' என்று பெயர். அன்றன்றைய நிலவரத்தை ஒளிவுமறைவில்லாமல் அறிவிப்பதால் வந்த பட்டம். கூப்பிட்டால் கோபப்படமாட்டார், "இன்னைக்கு மூட்டம்தான்" என்று அதற்கும் பதில் சொல்வார். பல் தேய்க்கும் நேரத்தில் இந்த ஒலிபரப்பைக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்ததுண்டு. சொந்தக் கவலையை மூட்டை கட்டிக்கொண்டு கடல் கடந்து வந்தவனுக்கு அடுத்தவர் முட்டிவலி எதற்கு?

ஓட்டல் துணிகளை வெளுத்துத் தேய்த்து அனுப்பும் சலவைக் கூடம் எங்களுடையது. ஈர விரிப்பின் இரண்டு முனை அவர் கையில், இரண்டு முனை என் கையில். ஒன்றாக உதறி, துணி தேய்க்கும் கொதிக்கும் உருளைக்குள் நேராக ஊட்டவேண்டும். வேலையில் அண்ணன் கெட்டி. இடைவேளை முடிந்து மணி அடித்தால் வாயிலிருப்பதை மென்றபடியே உருளைக்கு வந்துவிடுவார். மணி அடித்த பிறகு அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

இப்படி உண்மை விளம்பியாகப் பிறந்துவிடவில்லை அவர். ஒரு காலத்தில் பொய்யில் எங்களுக்கெல்லாம் வாத்தியார். எங்கள் அறைக் கதவின் பின்னால் ஒரு நீல முழுக்கைச் சட்டை தொங்கும். அது யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் சொந்தம். வீட்டோடு வீடியோவில் பேசப்போகிறவர் அதை மாட்டிக்கொண்டு, விரிசல் இல்லாத சுவர்ப் பக்கமாக உட்காருவார். இடுப்புக்குக் கீழே லுங்கிதான். அந்த ஏற்பாடே அண்ணனுடையது. உருளையில் கை மாட்டி முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் உரிந்தபோதும், அந்தச் சட்டைக்குள் கையை மறைத்துக்கொண்டு "எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்" என்று மனைவியிடம் சிரித்தார்.

"நானும் நல்லா இருக்கேன்" என்று அண்ணியும் சிரித்தார். அண்ணி எப்போதும் தலையில் துண்டு சுற்றியிருப்பார். "இப்பதாங்க தலைக்குக் குளிச்சேன், ஈரம் காயல" என்பார். அடுத்த வாரமும் துண்டு, அதற்கடுத்த வாரமும் துண்டு. "ஊர்த் தண்ணியெல்லாம் உன் தலைக்கேதானா?" என்று அண்ணன் கிண்டலடிக்க, பக்கத்துக் கட்டில்களில் படுத்திருந்த நாங்களும் சேர்ந்து சிரித்திருக்கிறோம்.

அது புற்றுநோய். மருந்தில் முடியெல்லாம் கொட்டிவிட்டிருந்தது. "அப்பா அங்க தனியா இருக்கார், தாங்கமாட்டார், வாயைத் திறக்காதே" என்று மகளின் வாயைக் கட்டியிருந்தார் அண்ணி. அண்ணன் ஊருக்குப் போய் இறங்கியபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அந்தத் தலையை அவர் துண்டில்லாமல் பார்த்தது அன்றுதான்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்று மகளைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். அந்தப் பெண் அவர் கையையே பார்த்தாளாம். அரைக்கைச் சட்டையில் அன்றைக்குத் தழும்பு முழுசாக வெளியே தெரிந்திருக்கிறது. "இதை நீங்க சொன்னீங்களாப்பா?" என்று கேட்டிருக்கிறாள்.

திரும்பி வந்தவர் நீலச் சட்டையைத் தொடவே இல்லை. முன்பெல்லாம் படுக்கப்போகும்முன் கைகூப்பி நெடுநேரம் முணுமுணுப்பார், இப்போது அதுவும் சுருங்கிவிட்டது. கேட்டேன். "சாமிகிட்டயும் இத்தனை வருஷமா 'நல்லா வெச்சிருக்கே'ன்னு முகஸ்துதிதான் பண்ணிட்டிருந்தேன். இப்ப உள்ளதைச் சொல்றேன், ரெண்டு வார்த்தையில முடிஞ்சிருது" என்றார். ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவையும் இழந்துதான் ஒரு மனிதர் இதைக் கற்றுக்கொள்ள வேண்டுமா என்று எனக்கு ஆறவேயில்லை.

மகள் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். அண்ணன் தினமும் சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிடுவார், வேலை செய்யும் பனியனோடு, தழும்பு தெரிய. தன் நிலவரம் முழுதும் சொல்வார். முட்டி, பசி, குளியலறையில் அழுதது, எல்லாம். பிறகு, "நீ எப்படிம்மா இருக்கே?" என்பார். "நல்லா இருக்கேன்பா." அவ்வளவுதான், வைத்துவிடுவாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் அவர் முகம் செத்துப்போகும். ஊரெல்லாம் கேட்க ஏங்கும் பதில் அது. அவருக்கு அதுதான் பயம். அவ அம்மா சொன்ன அதே வார்த்தை, அதே குரல் என்பார்.

நேற்றும் கூப்பிட்டார். நான் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் தன் பாட்டைச் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டார். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று அவர் போனைக் கண்ணருகே கொண்டுபோனார். அப்புறம்தான் மெல்லக் கேட்டது.

"நல்லா இல்லப்பா."

மணி அடித்தது. எல்லோரும் எழுந்து போனார்கள். உருளை சுற்றத் தொடங்கிவிட்டது, மேற்பார்வையாளர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஈர விரிப்பின் என் பக்கத்து முனைகளைப் பிடித்தபடி நின்றேன். அண்ணன் என்னையும் பார்க்கவில்லை, மேற்பார்வையாளரையும் பார்க்கவில்லை. காலால் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனைச் சோப்பு டப்பாமேல் சாய்த்து வைத்து, "சொல்லும்மா" என்றார்.