வலிக்கும்வரை நடந்தவர்

என் கணவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் தபால்காரர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கத்தில் அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தெருவில் நாலு வீடு தாண்டினால் நின்றுவிடுகிறாராம், கையிலிருக்கும் கடிதங்களைப் புரட்டிப் புரட்டி விலாசம் பார்க்கிறாராம். கண் மங்கிவிட்டதா என்று பக்கத்து வீட்டம்மா என்னிடம் விசாரித்தாள். அன்று சாயங்காலம் அவரிடமே கேட்டேன்.

"கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. கெண்டைக்கால் இழுத்துப் புடிக்குது, நின்னா வுட்டுடுது. சும்மா நின்னா ஜனங்க கேக்குறாங்கன்னு லெட்டரப் பாக்குற மாதிரி நிக்கிறேன்" என்றார்.

வாயுப் பிடிப்பு என்று நினைத்து ஒரு மாதம் எண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன். பலனில்லை. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். டாக்டர் அவருடைய பாதத்தின் மேல் விரல் வைத்து வெகுநேரம் தேடினார்.

"இங்க நாடித் துடிப்பே கெடைக்கலியே. பீடி குடிப்பீங்களா?"

"தினம் ரெண்டு கட்டு சார்."

"கால் ரத்தக்குழாய்ல அடைப்பு. இன்னைக்குக் கால்ல இருக்கறது நாளைக்கு நெஞ்சுலயும் வரலாம். பீடிய வுட்டுடணும். தினமும் நடக்கணும்."

எனக்குக் கோபம் வந்தது. "நடந்தாதானே டாக்டர் அவருக்கு வலிக்குது!"

"வலிக்கிற வரைக்கும் நடக்கணும்மா. நின்னு, வலி போனதும் திரும்ப நடக்கணும். பெரிய வாய்க்கால் தூந்துபோனா தண்ணி பக்கத்துச் சின்ன வாய்க்கால்ல புகுந்து போவுதில்லையா? நடக்க நடக்கக் கால்லயும் அப்படி வழி உண்டாகும்."

பீடியை அன்றே விட்டார் என்றால் பொய். மூன்று முறை விட்டார். மூன்றாம் முறை விட்டபோது, சர்க்கரை குறைவு என்று காப்பி டம்ளரைச் சுவரில் வீசினார். பிறகு தானே துணி எடுத்துவந்து சுவரைத் துடைத்தார். அதன்பின் அவர் சட்டையில் பீடி வாசனை இல்லை.

வேலைக்குப் போகுமுன் விடியற்காலையில் திருவந்திபுரம் சாலையில் நடந்தோம். முதல் நாள் மூன்றாவது விளக்குக் கம்பத்திலேயே நின்றார். முகம் வேர்த்திருந்தது.

"போதும் மாமா, திரும்பிடலாம்."

"இரு, வுட்டுடும். இன்னொரு கம்பம் போவலாம்."

அடுத்த மாதம் ஐந்து கம்பம். மழைக்காலத்தில் நடை நின்றுபோய், மறுபடி மூன்றுக்கே வந்தது. நான் அழுதேன். அவர் அழவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அடுத்த மழைக்காலத்துக்கு முன்பு, ஐந்தாறு இடங்களில் நின்று நின்று, திருவந்திபுரம் வரை போய்விட்டார். அங்கே கெடிலம் ஆற்றில் கால் நனைத்துவிட்டு, "பசிக்குது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பிறகு சிதம்பரத்துக்கு மாற்றலானது. அங்கே தபால் அதிகாரி மருத்துவச் சீட்டைப் பார்த்து, ஸ்டாம்பு விற்கும் இடத்தில் உட்காரச் சொன்னாராம். நல்ல மனிதர். இவர் மறுத்துவிட்டார்.

"உக்காந்தா கால் போயிடும் சார். தெருவே குடுங்க."

கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் இரண்டு கிடைத்தன. முதல் நாள் மத்தியானம் வீடு வரும்வரை நான் வாசலிலேயே நின்றேன். வந்தார், காலைக் கழுவினார், இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார், பாயில் படுத்துத் தூங்கிவிட்டார். வலி முழுவதும் போய்விடவில்லை, போகாது என்று டாக்டரே சொல்லியிருந்தார். தூங்குகிற அந்த மனிதரின் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவரைப் பார்த்து அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.