வெள்ளைக் கிண்ணத்துக்குள் விரல்கள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நானே என்னைப் பலமுறை சந்தேகித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இது போன மார்ச்சில், சீனாவில், எங்கள் ஜிங்டெஜென் ஊரில் எனக்கு நடந்தது.

அறுநூறு வருடங்களுக்கு முன், அரண்மனைக்கு ஆகாது என்று கழித்த பீங்கானை உடைத்துச் சூளைக்குப் பக்கத்திலேயே புதைத்துவிடுவார்கள். அந்தச் சில்லுகளை ஒட்டக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் படித்தேன். எனக்குக் கிடைத்தது ஒரு வெள்ளைக் கிண்ணம். பார்த்தால் வெறும் வெள்ளை. உள்ளே விளக்கு வைத்தால்தான் டிராகன் தெரியும். சனிக்கிழமை அதை முழுதாகக் காட்டினால் பட்டறையில் வேலை. இல்லையென்றால் வேலை கூடப் படிக்கும் ஃபெங் அக்காவுக்கு.

தினமும் ஒட்டி அலமாரியில் பூட்டுவேன். மறுநாள் சில்லுகளாகக் கிடக்கும்.

"ஏண்டி யூன், அது பசையா, நேத்து வச்ச கஞ்சியா?" என்று ஃபெங் அக்கா சிரித்தாள்.

அலமாரியின் இன்னொரு சாவி அவளிடம்தான் இருந்தது.

புதன்கிழமை, பூட்டிய கதவின் குறுக்கே என் தலைமுடி ஒன்றை ஒட்டிவைத்தேன். வியாழக்கிழமை முடி அப்படியே இருந்தது. கிண்ணம் மட்டும் உடைந்திருந்தது.

வேறு முடியை ஒட்டியிருப்பாளோ?

வெள்ளி மாலை ஒட்டி முடித்ததும் எழுந்திருக்கவில்லை.

"நூடுல்ஸ் திங்கப் போறேன், வர்றியா?"

"நீங்க போங்க. சாவிய வச்சிட்டுப் போங்க."

"சந்தேகப் பிராணி!" சாவியை மேசையில் எறிந்துவிட்டுப் போனாள்.

6:50. மழை. சிறிய விளக்கை ஏற்றி, அதன்மேல் கிண்ணத்தைக் கவிழ்த்தேன். வெள்ளைக்குள்ளிருந்து டிராகன் மெல்லத் தெரிந்தது.

அதன் வாலருகே ஒரு நிழல். பூச்சியா?

பக்கத்தில் இன்னொன்று. மூன்று... நான்கு...

விரல்நுனிகள்.

என் கைகள் என் மடியில் இருந்தன.

அவை உள்ளிருந்து அழுத்தின... தட்டையாகின...

டிக்.

ஒரு ஒட்டு விட்டது.

டிக்... டிக்...

ஓடினேன். எதிர்க்கடையில் ஃபெங் அக்கா தின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் குச்சிகளை வைத்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் எங்கள் ஆசிரியர் துங் மாஸ்டர் சில்லுகளை நெடுநேரம் லென்ஸில் பார்த்தார்.

"உன் ஒட்டுல தப்பில்லம்மா. திங்கக்கிழமை வேலைக்கு வா. இத மட்டும் இனி தொடாத."

"ஏன் மாஸ்டர்?"

"கழிச்ச பீங்கான சுத்தியலால வெளியிலேருந்து அடிச்சுத்தான் உடைப்பாங்க. அடிபட்ட தடம் இருக்கும்."

"இதுல?"

அவர் சில்லுகளை ஒரு பெட்டியில் போட்டு மூடினார்.

"இதுல அடியே விழல. அந்தக் காலத்துலயே... உள்ளேருந்துதான் உடைஞ்சிருக்கு."